உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி

அன்பு நேயர்களுக்கு வணக்கம். நன்றி சொல்லும் ஜெபத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு அரிசிப் பானையிலிருந்துதான் தொடங்கும்.

நம் தெற்கத்திச் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அரிசியை அளந்ததும், களைவதற்கு முன்னால், அம்மா ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுவார். உதடு அசையும், சத்தம் வராது. விரலிடுக்கில் ஒட்டிய நாலு மணியையும் டப்பா விளிம்பில் தட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும்.

மிசோரம் மலைகளிலும் இந்த வழக்கம் இருக்கிறது. அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கினார்கள். கையில் காசு புழங்காத காலம். வீட்டில் இருந்தது அரிசிதான். வேளைக்கு ஒரு பிடி எடுத்து வைத்து, சேர்ந்ததை விற்று ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் நடக்கிறது.

எப்போது எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உலை வைக்கும் முன். வீட்டில் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை, பசி அப்படியே இருக்கிறது, அப்போதே கர்த்தருடைய பங்கு தனியாகப் போய்விடுகிறது. மிஞ்சினால் பார்க்கலாம் என்று காத்திருந்தால் எந்த வீட்டிலும் அந்த டப்பா நிறைந்திருக்காது.

நம் ஜெபம் எப்படி இருக்கிறது? "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்போம். அடுத்த மூச்சிலேயே மகன் வேலை, மகள் கல்யாணம், முழங்கால் வலி. கேட்பது தப்பே இல்லை, கேளுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்கும்போது ஆள் பெயர், கம்பெனி பெயர், இன்டர்வியூ தேதி வரைக்கும் சொல்கிறோம். நன்றிக்கு வரும்போது மட்டும் "சகல நன்மைகளுக்காகவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எந்த நன்மை? பெயர் சொல்லுங்கள். காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். மாமியார் ராத்திரி இருமாமல் தூங்கினார். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள், திரும்பவும் சொல்கிறேன், ஒவ்வொன்றாக.

வேதாகமத்தில் 136ஆம் சங்கீதம் அப்படித்தான் போகிறது. 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். சூரியன், சந்திரன், செங்கடல் என்று வரிசையாக வருகிறது. தோற்றுப்போன ராஜாக்கள்கூட, சீகோன், ஓக் என்று பெயரோடு வருகிறார்கள். முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், 25ஆம் வசனத்தில், எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுக்கிறவரைத் துதியுங்கள் என்கிறது. செங்கடலைப் பிளந்த கைதான் நம் பானையிலும் அரிசி போடுகிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

துக்கத்தில் நன்றி சொல்வது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபகூக் தீர்க்கதரிசி அத்திமரம் துளிர்க்காததை, வயல் விளையாததை, தொழுவத்தில் மாடு இல்லாததைக்கூட ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். இழப்பை அவர் மறைக்கவில்லை. அதனால், இந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்குப் போய், எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஆபகூக் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை, 17ஆம் வசனத்திலிருந்து, அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். வணக்கம்.