"என் கிளையன்ட் இறந்துட்டாரு, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா அக்கா?" - ஒரு கவுன்சிலர் தங்கச்சிக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க, பேரு சொல்ல வேணாம்னு கேட்டிருக்காங்க. சுருக்கி வாசிக்கிறேன். "அக்கா, மதுரையில ஒரு போதை மறுவாழ்வு மையத்துல ஒன்றரை வருஷமா கவுன்சிலரா இருக்கேன். எங்கிட்ட மூணு தடவை அட்மிட் ஆன ஒரு அண்ணன் நாலு மாசம் குடிக்காம இருந்தாரு, மறுபடி ஆரம்பிச்சு போன வாரம் இறந்துட்டாரு. அதுலேருந்து தூக்கம் இல்ல. போன் அடிச்சாலே படபடங்குது. புதுசா வர்றவங்களப் பார்த்தா எரிச்சலா வருது. எங்க அப்பாவும் குடிச்சவருதான். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? அவரு வீட்டம்மா பதினாறாம் நாள் கருமாதிக்கு கூப்பிட்டிருக்காங்க, போகலாமா?"

முதல்ல உங்ககிட்ட துக்கம் கேட்டுக்கிறேம்மா. ஏன் சொல்றேன்னா நம்ம ஊர்ல ஒரு சாவு விழுந்தா பத்து பேரு வந்து உக்காருவாங்க, எப்படி ஆச்சு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, அத திருப்பித் திருப்பி சொல்லிச் சொல்லித்தான் அந்த வீட்டுக்காரங்களுக்கு மனசு கொஞ்சம் ஆறும், ஆனா கவுன்சிலர்கிட்ட யாரு வந்து கேக்குறா? மூணு தடவை அட்மிஷன்னா எத்தன மணி நேரம் அவரு உங்க முன்னாடி உக்காந்து அழுதிருப்பாரு, பொண்டாட்டிகிட்ட சொல்லாதத உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. அவரு செத்த அன்னிக்கு காலையில உங்களுக்கு குரூப் செஷன் இருந்திருக்கும், எடுத்திருப்பீங்க. அப்புறம் தூக்கம் எங்கிட்டு வரும்? உங்களுக்கு வந்திருக்கிறதுல பாதி துக்கம், அத மொதல்ல துக்கம்னு ஒத்துக்கங்க. அவரோட பைலை வச்சிக்கிட்டு கூட வேலை பாக்குறவங்க ரெண்டு பேரு, டாக்டர், இல்ல நர்ஸம்மா, யாராவது கூட ஒரு மணி நேரம் உக்காந்து அவரப் பத்தி மட்டும் பேசுங்க. தப்பு கண்டுபிடிக்க இல்ல, அவர நினைச்சுப் பாக்க.

இன்னொரு பாதி, அந்த எரிச்சல். நான் ரொம்ப கவலைப்படுறது அதுக்குத்தான். அசதின்னா ரெண்டு நாள் தூங்கினா போயிரும், இது தூங்கினா போகாது. இதுக்கு பர்ன்அவுட்னு பேரு, வேலை அழுத்தத்துலயே மனசு கருகிப் போறது. இந்த பர்ன்அவுட்ட பத்தி ஆராய்ச்சி பண்ணின கிறிஸ்டினா மாஸ்லாக்னு ஒரு அம்மா மூணு விஷயமா சொல்றாங்க. ஒண்ணு உள்ளுக்குள்ள வத்திப் போறது, இன்னொண்ணு என்னத்த செஞ்சு என்ன பிரயோசனம்னு தோணுறது. நடுவுல ஒண்ணு இருக்கு, எதிர்ல இருக்கிற மனுஷன் மனுஷனா தெரியாம போறது. நம்ம சென்டர்கள்ல அது எப்படி வரும் தெரியுமா, பேச்சுல வரும். "முருகேசண்ணன் வந்திருக்காரு"ன்னு சொல்லிட்டு இருந்தவங்க "அந்த கேஸ் திரும்ப வந்திருச்சு"ம்போம். "இவனெல்லாம் திருந்த மாட்டான்"னு டீ குடிக்கிற எடத்துல சொல்லுவோம். அந்த வார்த்தை நம்ம வாயில வந்துச்சுன்னா அன்னிக்கே யோசிக்கணும், ஏன்னா உள்ள வர்ற ஆளுக்கு அது ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும், அவரு ஏற்கெனவே ஊரு பூரா கேட்டுட்டு வந்த வார்த்தை அது. உங்களுக்கு எரிச்சல் வருதுன்னு நீங்களே கண்டுபிடிச்சு எழுதியிருக்கீங்க பாருங்க, அதனாலதான் நீங்க லாயக்கில்லாதவங்க இல்லன்னு நான் தைரியமா சொல்றேன்.

இந்த பர்ன்அவுட்ங்கிற பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர்னு நியூயார்க்ல ஒரு சைக்காலஜிஸ்ட், பகல்ல தன்னோட பிராக்டிஸ், ராத்திரியில போதைப் பழக்கம் உள்ள சின்னப் பசங்க வர்ற இலவச கிளினிக்னு ஓடி ஓடி வேலை பாத்தாரு. தானும் கூட இருந்த தொண்டர்களும் எப்படி கருகிப் போனோம்னு பாத்துத்தான் 1974-ல அதப் பத்தி எழுதினாரு. அதாவது நம்ம வேலையில இருந்தவங்களப் பாத்துத்தான் அந்தப் பேரே நிலைச்சுது. ஆர்வம் இல்லாதவன் கருக மாட்டான்மா, இழுத்துப் போட்டு செய்யிறவங்கதான் கருகுறாங்க.

இப்ப ரிலாப்ஸுக்கு, அதாவது விட்ட குடிய திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு வர்றேன், ஏன்னா உங்க கேள்விக்குள்ள "நான் சரியா செய்யாததாலதான் அவரு குடிச்சாரு"ன்னு ஒரு குத்தம் ஒளிஞ்சிருக்கு. நம்ம பக்கம் பாருங்க, கார்த்திகையில மாலை போட்டு சுத்தமா இருப்பாங்க, வீடே சிரிக்கும், மலைக்குப் போயிட்டு வந்து மாலைய கழட்டினதும் தையில நம்ம வார்டுல திரும்ப பார்ப்போம். கோயில்ல கயிறு கட்டிட்டு வருவாங்க, கயிறு அவுந்த அன்னிக்கு சரக்கு. அவங்க சாமிய ஏமாத்தல, நம்மள ஏமாத்தல, குடிநோய் அப்படித்தான் இருக்கு. அமெரிக்காவுல இதுக்குன்னே இருக்கிற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் நூத்துக்கு 40லேருந்து 60 பேரு வரைக்கும் திரும்பப் பழக்கத்துக்கு போறாங்கன்னு சொல்லுது, பிபி, ஆஸ்துமா மாதிரி மத்த நாள்பட்ட வியாதிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் திரும்புதாம். பிபி ஏறுச்சுன்னு டாக்டரு ராத்திரி பூரா அழுகுறாரா? நாம மட்டும் ஒவ்வொருத்தரு குடிய நம்ம பரீட்சை மார்க்கா எடுத்துக்கிறோம். குடிய விடுறது அவரோட வேலை. நம்ம வேலை என்னன்னா வித்ட்ராயல்ல, அதாவது குடிய நிறுத்தினதும் உடம்பு படுற பாட்டுல, பக்கத்துல இருக்கிறது, குடிக்கத் தூண்டுறது எதுன்னு அவருக்கே காட்டுறது, வீட்டுக்காரங்கள தயார் பண்ணுறது, நாலாவது தடவை வந்தாலும் மூஞ்சிய சுளிக்காம உக்கார வைக்கிறது. இதெல்லாம் செஞ்சோமான்னு மட்டும் பாருங்க. அந்த நாலு மாசம் இருக்கு பாருங்க, அது நெசமான நாலு மாசம், அந்த வீட்ல நாலு மாசம் அடி இல்ல, கத்தல் இல்ல.

போன் விஷயம். இதுல நான் பட்டிருக்கேன். ஆரம்பத்துல என் சொந்த நம்பர எல்லாருக்கும் குடுத்துட்டேன், ராத்திரி பன்னெண்டு ஒரு மணிக்கு கூப்பிடுவாங்க, எடுப்பேன், எடுக்கலைன்னா செத்துருவாங்களோன்னு பயம். ஒரு நாள் என் மகளுக்கு காய்ச்சல், மடியில படுத்திருக்கா, ஒரு அம்மா போன் பண்ணி அழுகுறாங்க, நான் அந்தம்மாவ வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டேன். அவங்க அதுக்கப்புறம் சென்டருக்கே வரல. இன்னைக்கும் எனக்கு அது உறுத்தும். எல்லாருக்கும் எப்பவும் இருக்கணும்னு நினைச்சதாலதான் தேவையான ஒருத்தருக்கு இல்லாம போயிட்டேன். அதனால டூட்டி நேரத்துக்கு சென்டர் நம்பர், அது முடிஞ்சா டூட்டியில இருக்கிறவங்க பாக்கட்டும். குடும்பத்துக்கு இந்திய அரசோட போதை உதவி எண் 14446, மனசு சம்பந்தமா பேச 14416, ரெண்டும் கட்டணமில்லாத நம்பர், டிஸ்சார்ஜ் பேப்பர்லயே எழுதிக் குடுங்க. அப்புறம் ஒண்ணு கட்டாயம் சொல்லிக் குடுக்கணும், தினம் நிறைய குடிக்கிறவரு திடீர்னு நிறுத்தினா மொத ரெண்டு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு நாளுக்கு மேல போயி நடுக்கம், இல்லாதது தெரியிறது, ஆளு யாருன்னே தெரியாம பெனாத்துறதுன்னு வந்தா உசுருக்கே ஆபத்து, அதுக்கு 108தான், கவுன்சிலருக்கு போன் போட்டு நேரத்தக் கடத்தக் கூடாது. இது தெளிவா அவங்க கையில இருந்தா உங்க தூக்கத்துல பாதி திரும்பும்.

அப்பா குடிச்சவருன்னு எழுதியிருக்கீங்க. நம்ம ஃபீல்டுல நெறைய பேரு அப்படி ஒரு வீட்ல இருந்துதான் வந்திருக்கோம், நான் உட்பட. அது பலமும்தான், அந்த வீட்டுப் பிள்ளைங்களப் பாத்ததும் நமக்கு சொல்லாமலே புரியும். ஆனா உங்க அப்பா வயசுல ஒருத்தரு வந்து உக்காந்தா நீங்க அவரக் காப்பாத்தப் போறீங்களா, உங்க அப்பாவக் காப்பாத்தப் போறீங்களான்னு கேட்டுப் பாக்கணும். இதத் தனியா சுமக்காதீங்க. நீங்களும் ஒரு கவுன்சிலர்கிட்ட போங்க, உங்க சென்டருக்கு வெளிய இருக்கிறவங்களா பாத்து. இதே மாதிரி குடிய விட்டுட்டு கவுன்சிலரா வந்த அண்ணன்களுக்கும் சொல்றேன், நாள் பூரா அதத்தானே பேசுறேன்னு குடிய விட்டவங்க ஒண்ணா கூடிப் பேசுற உங்க ஏஏ மீட்டிங்க விட்டுராதீங்க, அங்க நீங்க கவுன்சிலர் இல்ல.

சென்டர் நடத்துறவங்க யாராவது இதப் பாத்தா அவங்களுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியல்ல பர்ன்அவுட்ட வியாதின்னு சொல்லல, வேலை எடத்துல சரி பண்ணாம விட்ட அழுத்தத்தால வர்றதுன்னு சொல்லுது. மத்திய அரசு 2019-ல வெளியிட்ட கணக்குப்படி குடியால பிரச்சினையில இருந்து உதவி தேவைப்படுறவங்க இந்தியாவுல 5.7 கோடி பேரு, அவ்வளவு பேருக்கு நம்ம கவுன்சிலருங்க ரொம்பக் கொஞ்சம் பேருதான். ஒரே பொண்ணு அட்மிஷன் போட்டு, குரூப் எடுத்து, குடும்பத்தப் பாத்து, ரிஜிஸ்டரும் எழுதி, நைட்டும் பாக்கணும்னா யோகா வகுப்பு வச்சு ஒண்ணும் ஆகாது. வாரம் ஒரு மணி நேரம் சூப்பர்விஷன் குடுங்க, அதாவது அனுபவமுள்ள ஒருத்தரு கூட உக்காந்து அவங்க கேஸப் பத்திப் பேச விடுங்க, கேஸ பங்கு போடுங்க, வார லீவ பிடுங்காதீங்க.

நான் தினம் செய்யிறது ஒண்ணு சொல்றேன். எங்க அப்பத்தா துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு ஊத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள வரும். நானும் சென்டர்லேருந்து வந்தா குளிச்சிட்டுத்தான் பிள்ளைகள தொடுவேன், அடுத்தவங்க துக்கத்தக் கேட்டுட்டு வந்திருக்கோம்ல. வாரத்துல ரெண்டு நாள் தெப்பக்குளத்த சுத்தி நடப்பேன், கூட வர்ற மதினிகிட்ட சென்டர் பேச்சே கிடையாது, சமையலும் அவுக வீட்டுக் கல்யாணமும்தான்.

கருமாதிக்கு போகலாமான்னு கேட்டீங்க. போங்க. அந்தம்மாவே கூப்பிட்டதால போகலாம், சென்டர்ல சொல்லிட்டு, கூட ஒருத்தரக் கூட்டிட்டு போங்க. யாருன்னு சொந்தக்காரங்க கேட்டா அந்தம்மா என்ன சொல்றாங்களோ அதுதான், அவரு ட்ரீட்மென்ட்ல இருந்தத நீங்களா வாயத் தொறந்து சொல்லக் கூடாது, அவரு இறந்துட்டாலும் அவரு சொன்னது ரகசியம்தான். மேலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் போனப்ப அந்த வீட்டம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, குடிக்காம இருந்த மாசத்துலதான்மா மகனுக்கு சைக்கிள் ஓட்ட பழக்கி விட்டாருன்னு சொன்னாங்க. அந்தப் பய வாசல்ல சைக்கிள்லதான் நின்னுட்டு இருந்தான். நீங்க போயி உக்காந்து, அழுகை வந்தா அழுதுட்டு, சாப்பாடு போட்டா சாப்பிட்டுட்டு வாங்க. அன்னிக்கு சாயங்காலம் யாரையும் பாக்க ஒத்துக்காதீங்க, மறுநாளும் லீவு சொல்லிருங்க. அதுக்கப்புறமும் ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் வரலைன்னா தள்ளிப் போடாம டாக்டரப் பாருங்க, எனக்கு மறுபடி எழுதுங்க.