சாரதி ஆசனத்துக்குக் கீழே

நேயர்களுக்கு வணக்கம். இப்போது 401 நெடுஞ்சாலையில் ட்ரக் ஓட்டிக்கொண்டே இதைக் கேட்கிற தம்பிமாருக்கும் அண்ணைமாருக்கும் தனியாக ஒரு வணக்கம். நான் வந்திருப்பது முக்கியமாக உங்களுக்காகத்தான்.

கனடாவின் ஒன்ராறியோவில் பல வருடமாகப் பதினெட்டுச் சில்லு வாகனம் ஓட்டுகிறேன். சொந்த ட்ரக். போன வசந்தத்தில் அதன் சாரதி ஆசனத்தை நானே கழற்றிப் புதிது பூட்டினேன். அந்த ஒரு நாள் வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இங்கே சட்டப்படி ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை ஓட்டலாம். அவ்வளவு நேரமும் எங்கள் முதுகைத் தாங்குவது அந்த ஆசனம். வடக்கே சட்பரி நகரம் தாண்டி வாவா பக்கம் ஓடியவர்களுக்குத் தெரியும், பனிக்காலத்தில் நிலத்தடி நீர் உறைந்து வீதியையே தூக்கிவிடும். வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரை மேலும் கீழுமாக வருகிற அதிர்வுதான் இருந்தபடி வேலை செய்பவரின் முள்ளந்தண்டை அதிகம் வருத்தும். அதைத் தணிக்கத்தான் காற்று ஆசனம் வந்தது. சில்லுக்கும் பம்பருக்கும் வெள்ளிப் பளபளப்புப் போடக் காசு ஒதுக்குகிறவர்கள், அமுங்கிப்போன ஆசனத்தில் வருடக்கணக்காக இருந்து ஓடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆனால் ஆசனம் இறங்கிவிட்டது என்றவுடன் புதிது வாங்க ஓடவேண்டாம். ஆசனத்துக்குக் கீழே கத்தரிக்கோல் போல மடிகிற இரும்புக் கால்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஒரு ரப்பர் காற்றுப்பை, பக்கத்தில் ஒரு ஷொக். காற்றுப்பை பாரத்தைத் தாங்கும், ஷொக் துள்ளலை அடக்கும். இரவு நிறுத்திவிட்டுப் போன ஆசனம் விடியத் தரையோடு கிடந்தால் எங்கேயோ காற்றுக் கசிகிறது. சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், குமிழி வருகிற இடம் தெரியும். ஒரு குழியில் விழுந்த பிறகு நாலைந்து தடவை துள்ளிக்கொண்டே இருந்தால் ஷொக் முடிந்துவிட்டது. இரண்டையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். எனது ஆசனத்தில் கால்களின் மூட்டே தேய்ந்து, வளைவுகளில் ஆசனம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு திருத்துவதில் பயன் இல்லை.

வாங்கும்போது ட்ரக்கின் பெயர், மாடல், ஆண்டு மூன்றையும் கடையில் சொல்லுங்கள். வொல்வோவுக்கு உரிய ஆசனம் ஃப்ரெயிட்லைனரில் அப்படியே போய் இருக்காது. துளை பொருந்தவில்லை என்று தளத்தில் புதிதாகத் துளைக்கவும் வேண்டாம், அதற்கென்றே இடைத்தகடு விற்கிறார்கள். இன்னொன்று: சில ட்ரக்குகளில் ரோல்ரெக் என்ற அமைப்பு இருக்கிறது. வண்டி உருளும்போது ஆசனத்தைக் கீழே இழுத்து, பக்கத்தில் பாதுகாப்புப் பையை வெடித்து விரிக்கும். ஆசனத்தின் கீழே மஞ்சள் நிற வயர் கண்டால் கை வைக்காதீர்கள். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

எனது வண்டியில் அது இல்லை. சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, பற்றரி வயரைக் கழற்றினேன். காற்றுத் தாங்கிகளை முழுக்கத் திறந்துவிட்டேன். அமைப்பு நிரம்பியிருந்தால் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் நிற்கும், அதோடு விளையாட முடியாது. அதற்கு முன்பே ஆசனத்தை உயர்த்தி, கால்களுக்கு இடையில் மரக்கட்டை ஒன்றை இறுக வைத்திருந்தேன். காற்று இறங்கும்போது அந்தக் கத்தரிக்கோலுக்குள் விரல் அகப்பட்டால் விரல் மிஞ்சாது.

நட்டுகள் இலேசில் அசையவில்லை. பனிக்காலம் முழுக்கச் சப்பாத்தோடு உள்ளே வருகிற உப்புத் தண்ணீர் எல்லாம் போய்த் தங்குவது ஆசனத்தின் அடியில்தானே. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தபடியால் தப்பினேன். காற்றுக் குழாயைப் பிடுங்கி இழுக்கக் கூடாது. பொருத்தியின் வளையத்தை உள்ளே அமத்திப் பிடித்தால் குழாய் தானாகக் கழன்று வரும்.

நாலு நட்டும் கழன்ற பிறகு பழைய ஆசனத்தைத் தூக்கினோம். மச்சான் கீழே நின்று வாங்கினார், தனி ஆளாக இறக்குகிற பாரம் இல்லை அது. தரை விரிப்பை உரித்தபோதுதான் அதைக் கண்டேன். ரெதர் பெல்ற் இரண்டும் எங்கேயும் பூட்டப்படாமல் விரிப்புக்குக் கீழே சுருண்டு கிடந்தன.

ரெதர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஆசனப்பட்டி காற்றில் மிதக்கிற ஆசனத்தோடு சேர்ந்திருக்கிறது. மோதினால் எங்கள் உடம்பு முழு வேகத்தோடு ஆசனத்தையும் சேர்த்து மேலேயும் முன்னாலும் இழுக்கும். அப்போது ஆசனத்தைத் தளத்தோடு பிடித்துவைக்கிறவை அந்த இரண்டு பட்டிகளும்தான். நான் அந்த ட்ரக்கைப் பழையதாக வாங்கினேன். எனக்கு முன்னர் யாரோ ஆசனத்தைக் கழற்றிப் பூட்டியபோது அவற்றை மறந்திருக்கிறார்கள். மூன்று வருடம், மனைவி பிள்ளைகளுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய் நான் அதில் இருந்து ஓடியிருக்கிறேன். கொஞ்ச நேரம் படியில் இருந்துவிட்டேன். மச்சானும் ஒன்றும் பேசவில்லை.

தினமும் காலையில் வண்டியைச் சுற்றிப் பார்த்து நிரப்புகிற பட்டியலில் சாரதி ஆசனத்துக்கும் ஒரு வரி உண்டு. ஆசனம் வைத்த இடத்தில் நிற்காவிட்டால் சிறு குறை, எழுதிவிட்டு ஓடலாம். ஆசனப்பட்டியோ ரெதரோ இல்லை என்றால், உறுதியாக இல்லை என்றால் பெருங் குறை, வண்டி அசையக் கூடாது. நான் அந்த வரிக்கு நேரே ஒவ்வொரு நாளும் சரி என்று போட்டிருக்கிறேன், குனிந்து கையால் இழுத்துப் பார்க்காமல்.

புதிய ஆசனத்துக்கு முதலில் ரெதர் இரண்டையும் தளத்தின் நங்கூரத் துளைகளில் பூட்டினேன். தலையில் ஆறு கோடு உள்ள, வலிமை கூடிய எட்டாம் தர போல்ற்தான் போட்டேன். பழைய நட்டு ஒன்றையும் திரும்பப் பயன்படுத்தவில்லை. இறுக்கும் அளவைக் கைக்கணக்கில் விடாமல், ஆசனத்தோடு வந்த தாளில் சொன்னபடி ரோர்க் றெஞ்சால் இறுக்கினேன். குழாய் நுனியை நேராக வெட்டிச் செருகி, காற்று ஏற்றி, மறுபடியும் சவர்க்காரத் தண்ணீர். ஆசனத்தை முழு உயரத்துக்கு ஏற்றி ஓடுகிறவர்கள் பலர். அப்படி ஓடினால் மேலே இடிக்கும். நீங்கள் இருக்கும்போது கால்கள் பாதித் தூரத்தில் நிற்கவேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் அசைய இடம் கிடைக்கும்.

முதல் ஓட்டம் சட்பரிக்கு. திரும்பி வந்தவுடன் நாலு நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். மூன்று அசையவில்லை. வலது பின்பக்கத்து நட்டு கால் சுற்று இறுகியது.