அப்பா போகாத ஹாலே

(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு வந்தும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வட்டாட்சியர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மைக்செட் செலவை ஏற்றுக்கொண்டு பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் நடத்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா முன்னால் ஒற்றுப்பிழை இல்லாமல் பேச வேண்டுமே என்று பயமாகத்தான் இருக்கிறது), முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீசில் என் தலைப்பு 'நான் கண்ட ஐரோப்பா' என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவையும் நான் காணவில்லை. ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரைக் கண்டேன். அது என் அப்பா உயிராய் நினைத்த ஊர். அவர் அங்கே போனதே கிடையாது. நம் கடைத்தெரு அச்சகத்தில் அச்சுக்கோர்த்தவர் அவர். இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை அவர் கைபட்டதுதான். இன்று ஹாலேயைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று தமிழ் அச்சு. இரண்டு அங்குள்ள நூலகம். மூன்றாவது, 1685இல் அந்த ஊரில் பிறந்த இசைமேதை ஹாண்டல்.

அப்பாவுக்கு ஹாலே மேல் அப்படி என்ன பிரியம்? சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஹாலேயில் படித்தவர். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கினார். அவருக்காக ஹாலேயில் தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்து, 1713இல் கப்பலில் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். தமிழ் அச்சு அதற்கும் முந்தியது, கொல்லத்தில் 1578இலேயே தமிழ்ப் புத்தகம் வந்துவிட்டது என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் "நம்ம பக்கத்துக்கு எழுத்து வந்தது ஹாலேயிலிருந்துதாண்டா" என்பார். வந்த எழுத்தோ பெரிது பெரிதாக இருந்தது. காகிதமோ தட்டுப்பாடு. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் கிடைக்காமல், சீமையிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது.

அச்சகத்தில் பக்கம் பாதி கோர்த்திருக்கும்போது ஈய எழுத்துகளை வைத்திருக்கும் கேஸில் 'ணை' தீர்ந்துபோகும். பழைய 'ணை', தும்பிக்கை வைத்தது. முதலாளி கத்துவார். அப்பா எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்தபடியே, முன்பு முடித்த பக்கத்தைப் பிரித்து, நகக்கண்ணால் ஒவ்வொரு 'ணை'யாக நெம்பி எடுப்பார். "டப்பா ஈயத்துல வேதத்தையே அடிச்சிருக்கான், ஒரு மஞ்சள்நீராட்டு நோட்டீஸ் அடிக்க முடியாதா? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்." எதற்கும் இந்தப் பழமொழிதான். எனக்குக் கணக்கு வராதபோதும் இதுதான்.

சரி, நான் போன கதைக்கு வருகிறேன். என் அண்ணன் மகன் டார்ட்மண்டில் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரன். "அத்தை, ஹாலேக்கு டிக்கெட் போட்டாச்சு. பக்கம்தான்" என்றான். எனக்குச் சந்தோஷம். புளிசாதம் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். இறங்கினால் சின்ன ஸ்டேஷன். அப்பா ஒரு பழைய படம் வைத்திருந்தார். சந்தைத் திடலில் மாதாகோயிலின் நான்கு கோபுரம், பக்கத்திலேயே தனியாக நிற்கும் செங்கோபுரம், ஆக ஐந்து. நான் அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறேன், ஐந்து கோபுரத்தைக் காணோம். ஹாலே ஊரில் ஓடும் சாலே ஆறு எங்கேடா என்றேன். போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஆறு காட்டலையே அத்தை" என்கிறான்! நாய்க்குட்டியோடு வந்த ஒரு பாட்டியம்மாவிடம் "பிராங்கே நிறுவனம் எங்கே?" என்று கேட்கச் சொன்னேன். நான் தேடிப்போன நூலகம் அங்கேதான் இருக்கிறது. அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "டென்னிஸுக்கா வந்தீர்கள்?" என்றார். எனக்கு டென்னிஸுக்கு என்ன சம்பந்தம்? அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஜெர்மனியில் இன்னொரு ஹாலே இருக்கிறது, வெஸ்ட்பாலியா பக்கம். புல்தரை டென்னிஸ் போட்டிக்குப் பேர்போன ஊர். ரோஜர் பெடரர் பெயரில் அங்கே ஒரு சாலையே இருக்கிறது. என் மருமகன் அந்தச் சாலைப் பலகை முன்னால் நின்று, "அத்தை, இதுவும் ஹாலேதானே, ஒரு போட்டோ எடுங்க" என்றானே பார்க்கலாம்! புளிசாதத்தை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மறுநாள் சாலே ஆற்று ஹாலேக்குப் போகும் ரயிலில் வழி முழுக்க நான் அவனோடு பேசவில்லை. (கைதட்டல்)

அந்த ஹாலேயில் பிராங்கே என்றொரு பாதிரியார் இருந்தார். 1695இல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ அந்தக் காலத்து ஜெர்மன் நாணயத்தில் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டார்கள். அந்தக் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் வைத்தார். பள்ளி, மருந்துக்கடை, அச்சகம் என்று அது ஒரு தெருவாகவே நீண்டது. அம்மி நகர்ந்ததா இல்லையா?

அநாதை இல்லத்தின் பரணில் ஓர் அரும்பொருள் கூடம். விட்டத்திலிருந்து பாடம்செய்த முதலை தொங்குகிறது. ஒவ்வொரு அலமாரியின் தலையிலும், உள்ளே என்ன இருக்கிறதென்று ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து இன்டெக்ஸ் அதுதான் போலிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓலைச்சுவடி. கயிறு கோர்க்கும் துளையைச் சுற்றி எழுத்து விலகிப் போயிருக்கிறது. மூக்கு கண்ணாடியில் இடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். காவலர் தொண்டையைக் கனைத்தார்.

அங்கே நூலகத்துக்கென்றே ஒரு தனிக் கட்டடம், 1728இல் முடித்தது. நாடக மேடையின் பக்கத்திரைகள் போல அலமாரிகள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. அன்று அடுக்கிய அந்த அலமாரிகள் இன்றும் நிற்கின்றன. இதைக் கேட்டு உங்களுக்கு வயிறு எரிய வேண்டும், எரியட்டும். ஏனென்றால் கிழக்கு ஜெர்மனியாக இருந்த காலத்தில் அந்த வளாகம் கவனிப்பாரில்லாமல் சிதிலமாகிக் கிடந்தது. முகப்புக்கு நேரே ஒரு மேம்பாலத்தையும் கட்டிவிட்டார்கள், இன்றைக்கும் வண்டிகள் அதில் இரைந்துகொண்டுதான் போகின்றன. 1990 வாக்கில் ஊர்க்காரர்களும் அறிஞர்களும் சேர்ந்து ஒரு நண்பர் வட்டம் தொடங்கினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று போகாமல், ஒவ்வொரு கட்டடமாகச் செப்பனிட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நகர்மன்றத் தலைவர் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். நம் நூலகத்தில் போன மழைக்கு ஐந்து வாளி வைத்தோம். நாவல் பகுதியில் இரண்டு, குறிப்புதவிப் பகுதியில் மூன்று. கட்டடத்தை இடித்துவிட்டு, பேருந்து நிலைய மாடியில் இரண்டு அறை தருகிறோம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. மாடிப்படி ஏறி எந்தத் தாத்தா பேப்பர் படிக்க வருவார்? 1948இலேயே நூலகச் சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். அது நம் காசு ஐயா. மேல்தளத்துக்குச் சுர்க்கிக் காரையும் மரச்சட்டங்களும் போதும் என்று நம் கொத்தனாரே மதிப்பீடு எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா வேலை பார்த்த அச்சகத்தை மூடியபோது அந்த எழுத்துக் கேஸ்களைப் பழைய இரும்புக்குப் போகாமல் வாங்கி வைத்திருக்கிறேன். கூரை ஒழுகாது என்றால் நாளைக்கே நூலகத்துக்குக் கொடுக்கிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். மூன்று தடவை மனு கொடுத்தாயிற்று. அடிமேல் அடி அடித்தால்... (அவையினர்: அம்மியும் நகரும்!) அப்படிச் சொல்லுங்கள்!

ஹாண்டலைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அடுத்து பிள்ளைகளின் கோலாட்டம் இருக்கிறது. அடுத்த ஆண்டு கூப்பிட்டால் பேசுகிறேன். மேடைக்கு இடப்பக்கம், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்து மேஜையில் மனு இருக்கிறது. பெயர், தெரு, உறுப்பினர் எண் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உறுப்பினர் ஆகாதவர்களுக்குப் படிவமும் அங்கேயே கிடைக்கும். வட்டாட்சியர் அம்மா கிளம்புவதற்குள் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.