மாமாவோட தறியும் இதயத்துக்குள்ள வைக்கிற புது செல்லும்

வணக்கம். வேலூர், ஆம்பூர், ஆற்காடு, ராணிப்பேட்டைன்னு எங்கெங்கயோ உக்காந்து கேட்டுட்டு இருக்கற எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்துக்காரங்களுக்கு ஒரு வணக்கம் கூடுதலா, ஏன்னா கதை உங்க ஊர்லதான் ஆரம்பிக்குது.

நான் பள்ளிக்கூடத்துல விலங்கியல் நடத்தினவ. ஹார்ட் அட்டாக் வந்து செத்துப்போன இதயத் தசைய, செல்லும் ஜீனும் வெச்சு சரி பண்ண முடியுமா, இதான் இன்னிக்கு விஷயம். 25 வருஷத்துக்கு மேல இத பத்தி எது கெடைச்சாலும் படிச்சிட்டு வரேன், காரணம் என் தாய்மாமா.

மாமாவுக்கு குழித்தறி, லுங்கி நெசவு. 1998, வைகாசி 1, கெங்கையம்மன் சிரசு திருவிழா, அம்மனோட தலைய ஊர்வலமா கொண்டு வர்ற நாள். விடியக்காலையிலயே நெஞ்சுல பாரம் வெச்ச மாதிரி இருக்குன்னாரு, இடது கை வலிக்குதுன்னாரு. போலாம் மாமான்னு கூப்பிட்டா, "வாய்வு பாப்பா, ஒரு சோடா குடிச்சா சரியா பூடும்"னாரு. சோடா குடிச்சாரு, அப்புறம் ஓமத்தண்ணி, அப்புறம் அத்தை பூண்டு சுட்டு குடுத்தாங்க, அதுக்குள்ள சிரசு வருதுன்னு மேளச்சத்தம் கேக்குது, அம்மன பாக்காம எப்படி வரதுன்னு திண்ணையில சாஞ்சபடியே கும்பிட்டாரு, தெருவே மனுஷத்தலையா இருக்கு, ஒரு வண்டி உள்ள வர முடியல. சாயந்திரம் சட்டை நனையற அளவுக்கு வேர்த்து கொட்டின பெறகுதான் வேலூருக்கு தூக்கிட்டு ஓடினோம். காலையில வந்த வலி, சாயந்திரம்!

உசுரு தப்பிச்சுது. ஆனா பம்பிங், அதாவது நெறஞ்ச ரத்தத்துல ஒரு துடிப்புக்கு இதயம் எவ்ளோ வெளிய தள்ளுதுங்கறது, 100க்கு 30 தான் இருக்குன்னாங்க. நல்ல இதயத்துக்கு அது 55, 60 இருக்கும். பெறகு 6 வருஷம் இருந்தாரு, தறி மிதிக்க முடியாத 6 வருஷம். நாலு படி ஏறினா நிப்பாரு. ஒரு நாள் என்னை கேட்டாரு, "பாப்பா, பாவுல இழை அறுந்தா நான் முடிச்சு போட்டு சேத்து ஓட்றேன், இத இன்னாத்துக்கு உங்க டாக்டருங்க சேக்க மாட்டேங்கறாங்க?"

அந்த கேள்விக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்குத்தான் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒண்ணு. கையில வெட்டுப்பட்டா தோல் வளருது, எலும்பு முறிஞ்சா கூடுது, இதயத் தசை மட்டும் ஏன் வளர மாட்டேங்குது? கொஞ்சம் வளருது, ஆனா ரொம்ப ரொம்ப கொஞ்சம். இத கண்டுபிடிச்ச விதம் இருக்கே, அத சொல்லாம என்னால தாண்டிப் போக முடியாது. 1950கள்ல வல்லரசு நாடுங்க போட்டி போட்டு வெளியில அணுகுண்டு வெடிச்சு பாத்தாங்க இல்லையா, அதுல கார்பன் 14னு ஒண்ணு காத்துல ஏறிப்போச்சு. காத்துலருந்து பயிருக்கு, பயிர்லருந்து சோத்துக்கு, சோத்துலருந்து நம்ம உடம்புக்கு. ஒரு செல் என்னிக்கு பொறக்குதோ அன்னிக்கு காத்துல எவ்ளோ இருந்துச்சோ அந்த அளவு அதோட டிஎன்ஏல பதிஞ்சிடும், பொறந்த தேதி பச்சை குத்தின மாதிரி. ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இத வெச்சு இதய செல்லோட வயச கணக்கு போட்டாங்க, 2009ல வெளியாச்சு. 25 வயசுல வருஷத்துக்கு 100ல 1 செல் புதுசா வருது, 75 வயசுல அதுல பாதியும் இல்ல. குண்டு போட்டவங்க நெனச்சிருப்பாங்களா இப்படி ஒரு நல்லதுக்கு அது பயன்படும்னு!

ஒரு பெரிய அட்டாக்ல 100 கோடி செல் வரைக்கும் செத்துப்போகும். வருஷத்துக்கு 1 சதவீதம் வெச்சு இத எப்படி நிரப்பறது? அதனால உடம்பு என்ன பண்ணுதுன்னா அந்த இடத்துல தழும்ப போட்டு அடைச்சிடுது. தழும்பு பிடிச்சு நிக்கும், ஆனா சுருங்கி விரியாது. கிழிஞ்ச லுங்கியில ஒட்டுத்துணி தைக்கற மாதிரி.

அப்போ வெளியில இருந்து செல் வைக்கலாமே? வெச்சு பாத்தாங்க. 2000ல பாரிஸ்ல மெனாஷேன்னு ஒரு டாக்டர் நோயாளியோட தொடைத் தசையிலருந்தே செல் எடுத்து, வளத்து, இதயத்துல வெச்சாரு. செல் பிழைச்சுது, ஆனா பக்கத்து செல்லோட சேந்து துடிக்கல, தாளம் தப்பற ஆபத்து வந்துச்சு. அப்புறம் எலும்பு மஜ்ஜை செல். அது இதயத் தசையா மாறுதுன்னு 2001ல எலியில காட்டினாங்க, உலகமே நம்புச்சு, மத்தவங்க செஞ்சு பாத்தா மாறல. அந்த குழுவுல ஒருத்தரோட ஆய்வுக்கூடத்துலருந்து வந்த 31 கட்டுரைய திரும்பப் பெறணும்னு ஹார்வர்டு 2018ல சொல்லுச்சு. எத்தன நோயாளிங்களோட நம்பிக்கை அதுல இருந்துச்சு, நெனச்சா இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல.

நடுவுல 2006ல ஜப்பான்ல யாமனகா, வளந்த எலியோட செல்லுக்குள்ள 4 ஜீன வெச்சு அத கருவுல இருக்கற செல் மாதிரி ஆக்கினாரு, அடுத்த வருஷமே மனுஷ செல்லுலயும். 2012ல நோபல். அந்த செல்ல இதயத் தசையா வளக்கலாம். கண்ணாடித் தட்டுல அது தானா துடிக்கும். வீடியோவுல பாத்தப்ப அழுதுட்டேன், மாமா இருந்தா காட்டியிருப்பேன்.

ஆனா அந்த "தானா துடிக்கும்"ங்கறதுதான் சிக்கலே. சியாட்டில்ல இருக்கற குழு 2014ல குரங்கு இதயத்துல 100 கோடி செல் வெச்சாங்க, தசை நல்லா ஒட்டிக்கிச்சு, ரத்தக்குழாயும் வந்துச்சு, ஆனா தாளம் தப்பிப்போச்சு. மாமா சொல்லுவாரு, முடிச்சு போடறது பெரிசு இல்ல பாப்பா, போட்ட இழை தொய்வா இருந்தா நாடா ஓடறப்ப மாட்டி பக்கத்துல இருக்கற நாலு இழையையும் அறுத்துடும்னு. அதேதான். புது செல் இளசு, இதயம் சொல்றத கேக்காம அதுவா ஒரு தாளம் போடும்.

இங்கதான் ஜீன் வேலை வருது. அதே குழு 2023ல அந்த செல்லுலயே 4 ஜீன்ல கை வெச்சாங்க. தானா துடிக்க வைக்கற 3 ஜீன எடுத்துட்டு, அமைதியா இருக்க வைக்கற 1 ஜீன கூட்டினாங்க. இப்போ செல் சும்மா இருக்கும், பக்கத்து செல் தட்டினா மட்டும் துடிக்கும். பன்னியில வெச்சப்ப பழைய தாளக்கோளாறு வரல. திரும்ப சொல்றேன், பன்னியில. மனுஷருக்கு இல்ல. மாமாவோட கேள்விக்கு பாதி பதில் கெடைச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

பாதின்னு ஏன் சொல்றேன்னா, அது பன்னியில பண்ணது, ஆனா முழுசா கெடைச்சிட்ட மாதிரி சொல்லி காசு வாங்கறவங்க இருக்காங்க. என்கிட்ட படிச்ச பையனோட அப்பா, அட்டாக் வந்து பம்பிங் கம்மியானவரு, வேற ஒரு ஊர்ல ஸ்டெம் செல், அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல், அத ஊசியா போட்டா இதயம் புதுசாயிடும்னு எவனோ சொல்லி, கழனிய வித்து 4 லட்சம் கட்டினாரு. ஒரு மாற்றமும் இல்ல. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட 2017 வழிகாட்டியில தெளிவா இருக்கு, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று மாதிரி ஏத்துக்கிட்டது தவிர மத்ததெல்லாம் ஆராய்ச்சியா மட்டும்தான், வியாபாரமா பண்ணக் கூடாது. இதயத்துக்கு ஸ்டெம் செல்லுன்னு யாராச்சும் காசு கேட்டா எழுந்து வந்துடுங்க. தயவு செஞ்சு வந்துடுங்க.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தாண்ட கை காட்டறாங்க, 1 நிமிஷம்தான் இருக்காம். நம்ம ஊர் விஷயத்த கடைசிக்கு வெச்சிருந்தேன், அதுக்கே நேரமில்லாம போச்சு. வேலூர் பாகாயத்துல, சிஎம்சி ஆஸ்பத்திரியோட வளாகத்துல ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கு. ஹீமோஃபிலியான்னு, அடிபட்டா ரத்தம் உறையாத நோய், அது இருந்த 5 பேருக்கு அவங்க ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, இல்லாத ஜீன வைரஸ் மூலமா உள்ள வெச்சு, திரும்ப உடம்புக்குள்ள விட்டாங்க. 5 பேருக்கும் ரத்தக்கசிவு நின்னுச்சு, 2024 டிசம்பர்ல வெளியாச்சு. செல்லையும் ஜீனையும் சேத்து பண்ற வைத்தியம் நம்ம வேலூர்ல நடந்திருக்கு, ரத்தத்துக்கு. ரத்த செல் தனித்தனியா ஓடும், அதுக்கு தாளம் வேணாம், இதயத்துக்கு வேணும், அதான் இது லேட்டாவுது. இன்னொண்ணு, நெஞ்சு அழுத்தி, கை வலிச்சு, வேர்த்துதுன்னா சோடா வாங்கப் போகாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, திருவிழாவா இருந்தாலும். நேரம் ஆயிடுச்சு, வணக்கம்.