சட்டையில் அழுக்குப் படாத ஆள் முதல் ரன்னர் ஆன கதை

(திரையில்: ஒரு காலின் முன்பக்கம், மிக நெருக்கத்தில்.)

இந்தக் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் மூன்று புடைப்புகள். தொட்டுப் பார்த்தேன், கூழாங்கல் மாதிரி இருக்கிறது. காலுக்குச் சொந்தக்காரர் எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர். வயது 46. பெயர் போட வேண்டாம் என்றார். வீட்டில் அண்ணி பார்த்தால் பெரிய பேச்சாகிவிடுமாம்.

இருபது வயதில் அவர் ஹாக்கியில் விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்குகிறவர். பந்து கிடைத்தால் பறப்பார். யாராவது ஸ்டிக்கை வீசிக்கொண்டு வந்தால் நைசாக ஒதுங்கிவிடுவார். ஆட்டம் முடிந்த பிறகும் அவர் சட்டை இஸ்திரி போட்ட மாதிரியே இருக்கும் என்று பழைய கூட்டாளிகள் இன்றைக்கும் ஓட்டுவார்கள். அதே மனிதர்தான் இப்போது மூத்தோர் அணியில் பெனால்டி கார்னருக்கு முதல் ரன்னர். வயதானால் பயம்தானே கூட வேண்டும்? இவருக்கு மட்டும் எப்படி முறுக்கு ஏறியது?

(திரையில்: இரவு. நீல டர்ஃப் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறது.)

இடம் கோலாலம்பூர் ஜாலான் டுத்தா, துன் ரசாக் ஹாக்கி அரங்கம். சாலைக்குப் பெயர் மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. நம் வாயில் இன்னும் ஜாலான் டுத்தாதான்.

முதலில் ரன்னர் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு அணி தன் கோலுக்குப் பக்கத்தில் தப்பு செய்தால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். அப்போது தடுக்கிற அணியில் கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் நிற்பார்கள். பந்து கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் வட்டத்தின் உச்சிக்குப் போகும். அங்கே ஒருவர் நிறுத்திக் கொடுக்க, இன்னொருவர் பந்தை ஸ்டிக்கோடு ஒட்டி இழுத்து எறிவார். அதுதான் டிராக் ஃபிளிக். ஓங்கி அடிக்கிற முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலுக்குள் போனால் செல்லாது. இழுத்து எறிந்தால் அந்த வரம்பே கிடையாது. நெஞ்சுக்கும் வரலாம், மூக்குக்கும் வரலாம். கை தேர்ந்தவர் எறிந்தால் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வட்டத்தின் உச்சியிலிருந்து கோல் 14.63 மீட்டர். கணக்குப் போட்டால் அரை விநாடி. கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்கிற நம் ரன்னரோ அந்தப் பந்துக்கு எதிரே ஓடுகிறார். ஐந்து மீட்டருக்குள் நெருங்கிவிட்டால் கால் விநாடிகூட மிச்சமில்லை.

இங்கே விதிப்புத்தகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐந்து மீட்டருக்குள் வந்த ரன்னருக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் எதிரணிக்கு இன்னொரு பெனால்டி கார்னர். சாதாரணமாக நிற்கும் நிலையில் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், அது ஆபத்தான அடி, ஃப்ரீ ஹிட் நமக்கு. வலி இரண்டிலும் ஒன்றுதான்.

(திரையில்: இளைஞர் ஒருவர் ஓடுகிறார், கடைசி நொடியில் முகத்தைத் திருப்புகிறார். மெதுவோட்டம்.)

இந்தத் தம்பியைப் பாருங்கள். முகமூடி, கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் இருக்கிறது. இருந்தும் கடைசி நொடியில் உடம்பு திரும்பிவிடுகிறது. திரும்பினால் காப்பு இல்லாத பக்கம்தான் பந்துக்கு நேராக வரும். அண்ணன் திரும்புவதில்லை. ஏன் என்று கேட்டேன். “பந்தைத் தடுக்கவா ஓடறேன்? கீப்பருக்குப் பாதிக் கோலை மூடிக் கொடுக்க ஓடறேன், தம்பி. என் பக்கம் என்னுது, அவர் பக்கம் அவருது” என்றார். நான் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாகப்பிரிவினை பேசுகிறார்.

அவர் இந்த வேலைக்கு வந்த கதையும் அப்படித்தான். முப்பதைத் தாண்டியதும் கால் வேகம் குறைந்தது. விங்குக்கு ஒரு பொடியன் வந்துவிட்டான். பெஞ்சில் உட்காருகிறாயா, கார்னருக்கு ஓடுகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். ஓடுகிறேன் என்றாராம். யாரும் ஆசைப்பட்டுக் கேட்கிற வேலை அல்ல அது.

இதே கதை பெரிய அளவில் நடந்தது பனியில். நம்மில் பலருக்கு ஐஸ் என்றால் சன்வே பிரமிட் பேரங்காடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வருவதோடு சரி. 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் இங்கேயே ஐஸ் ஹாக்கி நடந்தது பலருக்கு ஞாபகமே இருக்காது. அந்த ஆட்டத்தில் கரடுமுரடு என்றாலே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துவதுதான் என்று ஒரு எண்ணம். அமெரிக்க, கனடிய என்ஹெச்எல் லீக்கில் சண்டைக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அது கூத்தாகத்தான் தெரிகிறது. நான் சொல்ல வந்த ஆள் ஸ்டீவ் ஐசர்மன்.

டெட்ராய்ட் அணிக்கு 21 வயதிலேயே கேப்டன். 1988-89 பருவத்தில் 65 கோல், 90 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பந்து), ஆக 155 புள்ளி. ஆனால் கோப்பை மட்டும் வரவில்லை. 1993-ல் ஸ்காட்டி போமன் பயிற்சியாளராக வந்தார். கோல் அடிப்பது போதும், பின்னால் வந்து தடுக்கவும் வேண்டும் என்றார். நட்சத்திர ஆட்டக்காரனிடம் இதைச் சொல்வது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பந்தி பரிமாறச் சொல்வது மாதிரி. ஐசர்மன் இலையைக் கையில் எடுத்தார். 1996-97-ல் அவர் புள்ளி 85-க்கு இறங்கிவிட்டது. அந்த வருடம்தான் டெட்ராய்ட் 42 வருடம் கழித்து லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. 2000-ல் தற்காப்பில் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி விருது, ஒரு காலத்தில் 155 புள்ளி எடுத்த அதே மனிதருக்கு.

2002-ல், கோப்பையை முடிவு செய்யும் பிளேஆஃப் ஆட்டங்களில் வலது முழங்கால் கிட்டத்தட்ட போய்விட்டது. விழுந்தால் ஸ்டிக்கைப் பனியில் ஊன்றித்தான் எழுவார். அந்தக் காலோடு 23 ஆட்டத்தில் 23 புள்ளி, இன்னொரு கோப்பை. அப்புறம் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தின் பெரும்பகுதி வீட்டில்தான். இதை மட்டும் யாரும் பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

(திரையில்: கோல்கீப்பர் காப்புகள், தரையில்.)

நம் ஊருக்கே வருவோம். தம்பின் ஊர்க்காரர் சு. குமார், மலேசிய கோல்கீப்பர், முந்நூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அரையிறுதியில் இந்தியாவை 4-3 என்று வென்று வெள்ளி வாங்கிய அணியில் அவர் இருந்தார். அப்புறம் ஆட்டமே மாறிவிட்டது. சமனில் முடிந்த ஆட்டத்தைத் தீர்மானிக்க இருந்த பழைய பெனால்டி ஸ்ட்ரோக் போய் ஷூட்அவுட் வந்தது. எதிராளி 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடி வருவார், அவருக்கு எட்டு விநாடி. கோட்டிலேயே நின்றால் கதை முடிந்தது. வெளியே பாய வேண்டும், விழ வேண்டும், உடனே எழ வேண்டும். முப்பது வயதைக் கடந்தவர் புதிதாகக் கற்க வேண்டிய வித்தையா இது?

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதி. மறுபடியும் இந்தியா. 2-2. ஷூட்அவுட், ஒருவர் தவறினாலே ஆட்டம் முடியக்கூடிய சடன் டெத் வரை போய் 7-6 என்று மலேசியா வென்றது. கடைசியாக வந்தவரை மறித்தபோது குமாருக்கு வயது 38. இறுதியாட்டம் ஜப்பானிடம், அதே ஷூட்அவுட்டில் போனது வேறு வருத்தம்.

(திரையில்: மறுபடியும் ஜாலான் டுத்தா.)

படப்பிடிப்பின் கடைசிக் கார்னர். விசில். அண்ணன் ஓடினார். நச்சென்று ஒரு சத்தம், பந்து தொடையில். நடுவர் கை எங்கள் பக்கம் நீண்டது. முழங்காலுக்கு மேல், ஃப்ரீ ஹிட். நொண்டிக்கொண்டே எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

“எடுத்தியா?”

பேட்டரி தீர்ந்து போயிருந்தது. அதனால்தான் இந்த இடத்தில் நீங்கள் பார்ப்பது வெறும் டர்ஃப். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார், இரண்டு பேட்டரியோடு.