மூன்று விதமான ‘இல்லை’

நேயர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடிப் பிடித்துத் தரும் மென்பொருளுக்கு ரிசால்வர் என்று பெயர். அதைப் பராமரிப்பது என் வேலை. முகவரி கிடைத்துவிட்டால் எனக்குத் தொல்லை இல்லை. ‘இல்லை’ என்று வரும் பதில்களோடுதான் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பால் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் 1983இல் வகுத்த, பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டி.என்.எஸ். முறையில், ஒவ்வொரு பதிலின் தலைப்பகுதியிலும் ஒரு சிறிய எண் இருக்கும். பூஜ்யம் வந்தால் பிழை இல்லை. 2 வந்தால் சர்வர் தடுமாறிவிட்டது. பெயர் உண்டா இல்லையா என்றே தெரியாது. 3 வந்தால் அப்படி ஒரு பெயரே கிடையாது. பூஜ்யத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிழை இல்லை என்று சொல்லிவிட்டு, விடைப்பகுதியைக் காலியாக அனுப்பலாம். தபால்காரரிடம் கேட்பதுபோலத்தான். ‘வீடு இருக்கிறது, நீங்கள் தேடும் ஆள் அங்கே இல்லை’ என்பது ஒரு பதில். ‘அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடே இல்லை’ என்பது வேறு பதில்.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு கல்லூரியின் சேர்க்கைத் தளத்தில் கண்ணால் பார்த்தேன். விண்ணப்பிக்கக் கடைசி வாரம். சிலருக்குத் தளம் திறக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் திறக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிறது, மறுபடி போய்விடுகிறது. அன்று இரவு கேள்வி பதில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். தளத்தின் பெயர் ஒரு மாற்றுப்பெயர். அதாவது, ‘என் முகவரியை இன்னொரு பெயரிடம் கேள்’ என்று கைகாட்டும் சி-நேம் பதிவு. அது காட்டிய பெயர், வருகிற கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் ஒரு கருவியுடையது. இணையத்தின் எண் முகவரியில் இரண்டு வகை உண்டு: பழைய ஐபி நான்காம் பதிப்பு, புதிய ஆறாம் பதிப்பு. கைப்பேசி நான்காம் பதிப்பு முகவரியைக் கேட்டபோது கருவி ஒழுங்காகப் பதில் தந்தது. ஆறாம் பதிப்பு முகவரி அதனிடம் இல்லை. பூஜ்யம் போட்டு, காலி விடை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியது 3.

பெயரே இல்லை என்று சொன்னால் எந்த வகை முகவரியும் இல்லை என்றுதான் பொருள். இணையத்தின் விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில், 1998இல் வந்த ஆர்.எஃப்.சி. 2308 அப்படித்தான் விதிக்கிறது. எங்கள் ரிசால்வரும் அந்த ‘இல்லை’யை 15 நிமிடம் நினைவில் வைத்துக்கொண்டது. அதற்குள் யார் வந்து நான்காம் பதிப்பு முகவரியைக் கேட்டாலும் கருவியிடம் போகாமலே ‘பெயர் இல்லை’ என்றது.

தவறு அதோடு நிற்கவில்லை. எங்கள் பக்கமும் ஒன்று இருந்தது. மாற்றுப்பெயர்ச் சங்கிலியோடு சேர்ந்து வரும் பதில் எண், சங்கிலியின் கடைசிப் பெயரைப் பற்றியது. 2012இல் வந்த ஆர்.எஃப்.சி. 6604 இதைத் தெளிவாகவே சொல்கிறது. எங்கள் நிரலோ அந்த 3ஐக் கல்லூரியின் பெயர்மீதே எழுதி வைத்திருந்தது. பெயர் இருப்பதற்குச் சாட்சியாக, சி-நேம் பதிவு அதே பதிலில் கண்ணெதிரே இருக்கிறது! பிள்ளைகள் பதறிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் செய்த அந்தப் பிழை இன்றும் என்னை உறுத்துகிறது.

சங்கிலி வட்டமடிப்பதும் உண்டு. ஒரு பெயர் இன்னொன்றைக் காட்ட, அது திரும்ப முதற்பெயரைக் காட்டும். இத்தனை கண்ணிக்கு மேல் போவதில்லை என்று வரம்பு வைத்து, 2 என்று பதில் சொல்லிவிடுவோம்.

‘இல்லை’யை வேண்டுமென்றே மறைத்தவர்களும் உண்டு. 2003 செப்டம்பர் 15 அன்று, டாட் காம், டாட் நெட் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பதிவாகாத பெயர்களுக்கெல்லாம் தன் தேடல் பக்கத்தின் முகவரியைப் பதிலாகத் தரத் தொடங்கியது. அனுப்பியவரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துக் குப்பை அஞ்சலைத் தடுத்த வடிகட்டிகள் ஏமாந்தன. இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு வற்புறுத்திய பிறகு அக்டோபர் 4 அன்று அதை நிறுத்தினார்கள்.

கல்லூரிக் கதைக்கு வருகிறேன். எங்கள் நிரலை அன்றிரவே திருத்தினோம். கருவியை நிறுவியவர்கள் மறுநாள் மதியம் அதைச் சரிசெய்தார்கள். ஆறாம் பதிப்பு முகவரியை முதலில் கேட்டேன்: பூஜ்யம், காலி விடை. உடனே நான்காம் பதிப்பைக் கேட்டேன்: மாற்றுப்பெயர், அதன்கீழ் முகவரி. 15 நிமிடம் காத்திருந்து, இன்னொரு முறையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.