ஆறின தண்ணீரும் உட்டா ஹேகனும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு விஷயம் பேசுவதாகத்தான் இருந்தேன், ஆனால் காலையில் பார்த்த ஒரு ரீல்ஸ் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. வீட்டில் நடந்த சாவை நினைத்துக்கொள், அழுகை தானாக வரும், அதுதான் நடிப்பு என்று ஒருவர் பாடம் எடுக்கிறார். கேட்டதும் எனக்கு அப்படி ஒரு கோபம்! இந்தப் பேச்சு வந்தாலே நான் யாரை இழுத்துக்கொண்டு வருவேன் என்று பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நடிகையும் நடிப்பு ஆசிரியையுமான உட்டா ஹேகன் இதற்குப் பதிலை 1973-லேயே தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். யாரிடமும் சொல்ல மனம் வராத காயத்தைக் கிளறச் சொன்னால் அது மனநல சிகிச்சை, நடிப்பு இல்லை என்றார். அழுகையைத் துரத்தாதே, அந்த நேரத்தில் உன் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பொருளைப் பிடி, ஒரு வாசனை, ஒரு துணியின் நிறம், மீதி தானாக வரும் என்பது அவர் வழி. எவ்வளவு கனிவான வழி பாருங்கள்.

அவர் ஜெர்மனியில் 1919-ல் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் 1943-ல் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம், அதில் பால் ராப்சன் ஒத்தெல்லோ, இவர் அவன் மனைவி டெஸ்டிமோனா. 1962-ல் எட்வர்ட் ஆல்பியின் ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் விர்ஜினியா வூல்ஃப்?’ நாடகத்தில் மார்த்தா பாத்திரத்தை முதலில் நடித்தவர் இவர்தான், அதற்கு டோனி என்ற நாடக விருதும் வாங்கினார். நடுவில் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, சினிமாக் கதவையே சாத்திவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, அவர் சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சிக்கு வருகிறேன். சாதாரணமான இரண்டு நிமிட வாழ்க்கையை, வீட்டில் தனியாக இருக்கும்போது செய்வதை, அப்படியே மேடையில் செய்து காட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி, இல்லாத குணத்தைப் பொருளுக்கு ஏற்றுவது. தம்ளரில் பச்சைத் தண்ணீர், ஆனால் அது கொதிக்கிற காபி. ஊதினால் போதும் என்று நினைப்போம், போதவே போதாது! முதலில் நிஜமான சூட்டுக் காபியைத் தூக்கிப் பார்த்தேன். விரல்கள் விளிம்புக்கு ஏறிவிடுகின்றன, சுண்டுவிரல் விலகிக்கொள்கிறது, உதட்டுக்கு ஒரு அங்குலம் முன்னால் மணிக்கட்டு தயங்குகிறது, உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. அந்தத் தயக்கம்தான் சூட்சுமம். அதைப் பிடித்ததும் பச்சைத் தண்ணீர் என் நாக்கைச் சுட்டது, சத்தியமாக! வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கிறேன்.

அட, எங்கே சொல்லிக்கொடுத்தார் என்பதையே விட்டுவிட்டேன். நியூயார்க் கிரீன்விச் வில்லேஜில் ஹெச்பி ஸ்டூடியோ என்ற நடிப்புப் பள்ளி. ஹெர்பர்ட் பெர்கோஃப் 1945-ல் தொடங்கியது, இவர் 1947-ல் சேர்ந்தார், பிற்பாடு இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

அடுத்து நான் எடுக்கப்போவது மொட்டைக் கத்தி, அதைக் கூர்க் கத்தியாக்க வேண்டும். அதுவரை நீங்கள் தம்ளரைச் செய்து பாருங்கள், எந்த விரல் முதலில் விலகியது என்று கமென்டில் எழுதுங்கள்.